தூங்குவது போல் படுத்திருந்தோம்

ஜூன் 4

அன்புள்ள ஆந்தைக்கு,

போனில் கேட்டால் "நல்லாருக்கேன் அண்ணி, நீங்க?" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். என் பதிலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. கடிதம் என்றால் ஒரு பக்கத்தையாவது நிரப்பித்தானே ஆக வேண்டும். அந்தப் பேராசையில்தான் பேனாவை எடுத்தேன். பஸ் ஓட்டுகிறவள் கையெழுத்து மேடு பள்ளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் அறை அப்படியே இருக்கிறது. உன் அண்ணன் போன வாரம் ஓடாத சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து அதில் நிறுத்தினார். "இது அவ ரூம்" என்றேன். "அவதான் இல்லையே" என்றார். "சைக்கிளும்தான் ஓடலையே, அப்புறம் அது எதுக்கு வீட்ல?" என்றேன். இப்போது சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. அவர் என்னுடன் அரை நாள் பேசவில்லை. உங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வது பரம்பரை போலிருக்கிறது.

நீயும் அப்படித்தானே போனாய். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர், "ராத்திரி எந்திரிக்க வேண்டியிருக்கா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், படுத்தா விடியறவரைக்கும் தூங்கறேன்" என்றாய். நான், "பொய் சொல்றா டாக்டர்" என்றேன். சொன்ன விதம் தப்பு. உன் அண்ணன் இருந்தார், பயிற்சிக்கு வந்த சின்னப் பையன்கள் இருந்தார்கள், நர்ஸ் இருந்தார். நான் வேறு, பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்துகிற தொண்டையில் சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்க மாட்டேன். அதற்கும் சேர்த்துக் கேட்டால் இந்த மன்னிப்பும் பொய்யாகிவிடும்.

அதற்கப்புறம் ஒரு மாதம்கூட நீ வீட்டில் இல்லை. வேலை கிடைத்தது என்றாய், பெட்டியைக் கட்டினாய், போய்விட்டாய்.

புது ஊரில் டாக்டரைப் பார்த்தாயா? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? தூங்குகிறாயா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். மொத்தமாக "நல்லாருக்கேன்" என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

அண்ணி


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

தனித்தனியாகவே எழுதுகிறேன்.

டாக்டரைப் பார்த்தேன். ஒரு பெண் டாக்டர். வேகமாகப் பேசுகிறவர், மெதுவாக எழுதுகிறவர். என்னைப் பற்றிய பழைய கதை எதுவும் தெரியாத ஒருவர் முன்னால் உட்காருவது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை போடுகிறேன்.

ராத்திரி தூங்குவதில்லை. பதறாதீர்கள். ராத்திரிதான் எனக்கு வேலை. பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிற மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஊர் விளக்கணைத்த பிறகு பக்கங்கள் ஒவ்வொன்றாக வரும், அச்சு இயந்திரத்தின் சூடு ஆறாமல். விளையாட்டுப் பக்கம்தான் எப்போதும் கடைசி. எங்கோ ஒரு மைதானத்தில் யாரோ ஜெயிப்பதற்காக நாங்கள் எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருப்போம். மேசைத் தலைவர் வறுத்த கடலையை உரித்துக்கொண்டே, "தோக்கறவன் கொஞ்சம் சீக்கிரம் தோத்தா என்னவாம்" என்பார்.

இந்த வேலையை நானேதான் கேட்டு வாங்கினேன். எங்கள் தளத்தின் கோடியில் ஒரு கழிப்பறை இருக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஒருவரும் வருவதில்லை. எப்போது போனேன், எவ்வளவு நேரம் இருந்தேன் என்று யாரும் கவனிப்பதில்லை. இதைவிடப் பெரிய சலுகையை எந்த அலுவலகமும் எனக்குத் தர முடியாது.

அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரவுப் பணிக்கு உடம்பு தகுதியாக இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் தர வேண்டும். பரிசோதனையில் வந்த எண் நல்லதென்றும் இல்லை, மோசமென்றும் இல்லை, நடுவில் நிற்கிறதாம். "நீங்க எப்படி இருக்கீங்கங்கறதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்" என்றார். தொந்தரவில்லாமல் இருந்தால் கையெழுத்துப் போட்டு, மருந்தையும் கொஞ்சம் குறைக்கலாமாம். இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மன்னிப்பைப் பற்றி. பெருங்குடலில் புண் என்ற இரண்டு சொற்களை என் வாயால் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. யாரிடம், எப்போது, எந்தக் குரலில் சொல்வது என்பது மட்டும்தான் அந்த நோயில் என் கையில் இருந்தது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நல்ல எண்ணத்தில்தான் எடுத்தீர்கள். திருடன் என்றால் கூச்சலாவது போட்டிருக்கலாம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆந்தை


ஜூன் 19

அன்புள்ள ஆந்தைக்கு,

திருடி என்று நேராகவே எழுதியிருக்கலாம். நான் பஸ்ஸில் கேட்காத வசவா.

உன் கடிதத்தை உன் அண்ணன் படித்தார். பல் செட் செய்கிற லேபிலிருந்து வந்தவர், கையில் பிளாஸ்டர் மாவோடு நின்றுகொண்டே படித்தார். "என்ன, நல்லாத்தானே இருக்கா" என்றார். ஆண்களுக்குக் கடிதம் படிக்கத் தெரியாது. "இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்றுதான் நீ எழுதியிருக்கிறாய். வெறுமனே "இருக்கிறேன்" என்று எழுதவில்லை. டாக்டரிடம் நீ சொல்வதென்ன என்று எனக்குத் தெரியாதா?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் இருந்தபோது சொல்லத் தைரியம் வரவில்லை.

நம் வீட்டில் உன் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில்தானே பாத்ரூம். தண்ணீர் திறந்தால் லாரி பின்னால் வருகிற மாதிரி சத்தம். நான் முதல் பஸ் எடுக்கப் போக வேண்டும், இருட்டிலேயே எழுந்திருக்க வேண்டும், அதனால் என் தூக்கம் கெடக் கூடாது என்று நீ அடக்கிக்கொண்டு படுத்திருப்பாய். எனக்குத் தெரியும். உன் கட்டில் முனகும். எழுந்து கதவு வரைக்கும் வருவாய். நிற்பாய். திரும்பிப் போவாய். மறுபடியும் கட்டில் முனகும். ராத்திரிச் சாப்பாட்டை நீ குறைத்ததும் அதற்குத்தான்.

நான் தூங்கவில்லை, ஆந்தை. எத்தனையோ நாள் நானும் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். எழுந்து வந்து கேட்டால் கூசிப்போவாய், அப்புறம் சுத்தமாகவே போக மாட்டாய் என்று பயம். அதனால் தூங்குகிற மாதிரி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் குறட்டைகூட விட்டேன். அண்ணி அசந்து தூங்குகிறாள், இப்போது போகலாம் என்று உனக்குத் தோன்றட்டும் என்றுதான். உன் அண்ணன் ஒருநாள் என் விலாவில் இடித்து, "எருமை மாதிரி கத்தாதே" என்றார். அதற்கும் பதில் சொல்லாமல் கத்தினேன்.

அதனால்தான் அன்று டாக்டர் முன்னால் எனக்கு வாய் அடங்கவில்லை. விடிய விடிய உன்னோடு விழித்திருந்தவளுக்கு எதிரிலேயே "நல்லாத் தூங்கறேன்" என்கிறாய்.

இதையும் எழுதிவிடுகிறேன். எல்லா நாளும் பாசத்தில்தான் விழித்திருந்தேன் என்று நினைக்காதே. சில நாள் எரிச்சலாகவும் இருந்தது. "போயிட்டு வந்து தொலையேன், ரெண்டு பேரும் தூங்கலாம்" என்று தலையணைக்குள் சொல்லியிருக்கிறேன்.

அண்ணி


ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நேராகவே தொடங்குகிறேன்.

அந்தக் குறட்டை கேட்டதால்தான் நான் போகவில்லை.

கதவு வரைக்கும் வருவேன். நீங்கள் அமைதியாக இருந்தால், விழித்திருக்கிறார்களோ என்னவோ, போய்விட்டு வந்துவிடலாம் என்று தோன்றும். குறட்டை கேட்டதும், ஐயோ இவ்வளவு அசந்து தூங்குகிறார்களே, இதையா கெடுப்பது என்று திரும்பிவிடுவேன். நீங்கள் எனக்காக விட்ட குறட்டையை நான் உங்களுக்காகக் காப்பாற்றினேன். படித்ததும் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். அறைத்தோழி, "என்னாச்சு?" என்றாள். "எங்க அண்ணி குறட்டை" என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். பிறகு அழுதேன். அதை அவள் பார்க்கவில்லை.

ஏன் அப்படி அடக்கினேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு நோய் என்று தெரிந்த புதிதில் அண்ணன் உங்களிடம் சமையலறையில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நீ தூங்காம ஸ்டியரிங்ல உக்காந்தா ஒரு பஸ் ஜனத்துக்கு ஆபத்து, அதை நினைவுல வச்சுக்கோ." டிவி பார்த்துக்கொண்டு நேரம் கழித்துப் படுப்பதைப் பற்றித்தான் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அன்று எனக்குச் சொன்னது போலக் கேட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பஸ் ஜனம் முழுக்க என் கட்டிலைச் சுற்றி நிற்கும்.

நான் படித்த நாவல்களில் தூக்கம் கெட்டவர்கள் எல்லாரும் காதலுக்காகவோ செய்த தப்புக்காகவோ விழித்திருந்தார்கள். ஒருவர்கூடக் கழிப்பறைக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு விழித்திருக்கவில்லை. புத்தகங்களில் எனக்கு இடமில்லை என்று நான் வருத்தப்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இப்போது உண்மை. பகலில் ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு படுக்கிறேன். துண்டு துண்டாகத்தான் தூக்கம். நடுவில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. ரத்தமும் போகிறது. ராத்திரி விழித்திருப்பதால் நோய் கிளம்புகிறதா, நோயால்தான் பகல் தூக்கம் போகிறதா என்று தெரியவில்லை. ஒருநாள் பொதுவாகக் கேட்பது போல டாக்டரிடம் கேட்டேன். "ஒன்னை ஒன்னு இழுக்கும். எது முதல்ல கிளம்புச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தூக்கத்துலருந்து எழுப்பி ஓட விடுதுன்னா, உள்ள புண் ஆறலைன்னுதான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்" என்றார். "உங்களுக்கு அப்படி இருக்கா?" என்றார். "இல்ல" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது தெரியுமா அந்தச் சொல்.

அவரிடம் உண்மையைச் சொன்னால் கையெழுத்துப் போட மாட்டார். இந்த வேலை போனால், பகலில், ஆட்கள் நிறைந்த ஓர் அறையில், எல்லாரும் பார்க்க எழுந்து எழுந்து போகிற வேலைக்குத்தான் போக வேண்டும். என்னால் முடியாது. ஜூலை பதினாறு சான்றிதழ் வாங்கும் நாள். அதுவரை என்னைத் திட்டாதீர்கள். யாருக்கும் போன் செய்யாதீர்கள். இந்தத் தடவை என் வாயால் நான் சொல்வதுதான் நிற்க வேண்டும், பொய்யாக இருந்தாலும்.

ஆந்தை


ஜூலை 6

அன்புள்ள ஆந்தைக்கு,

யாருக்கும் போன் செய்யவில்லை. உன் டாக்டர் எந்த ஆஸ்பத்திரி என்று உன் அண்ணன் கேட்டார், தெரியாது என்றேன். தெரிந்துகொண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

திட்டவும் போவதில்லை. நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் சாவி வாங்கும் ஜன்னலில் நேரம் குறிக்கிறவர் உட்கார்ந்திருப்பார். குடித்திருக்கிறோமா என்று பார்க்கக் குழாயில் ஊதச் சொல்வார். ஊதி முடித்ததும், "தூங்கினீங்களா?" என்பார். "நல்லாத் தூங்கினேன் சார்" என்போம். எழுதிக்கொண்டு சாவியைத் தள்ளுவார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு வேறு பதிலை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடிய விடிய மடியில் வைத்திருந்தவளும், புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவளும், எல்லாரும் நல்லாத் தூங்கினவர்கள்தான். நீ அடக்கிக்கொண்டு கிடந்த நாட்களில் நானும் அப்படித்தான் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மூன்றாவது நிறுத்தம் வரைக்கும் கண் எரியும். பச்சைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொள்வேன்.

உன் கடிதம் வந்த அன்றும் தூங்கவில்லை. மறுநாள் காலை ஜன்னலில், "தூங்கினீங்களா?" என்றார்.

"இல்ல சார்" என்றேன்.

அவர் 'தூங்கினார்' என்று பாதி எழுதியேவிட்டார். நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா?"

"தூங்கல சார். கண்ணு எரியுது. வண்டி எடுக்க முடியாது."

பின்னால் வரிசையில் ஒருத்தன், "அக்கா, ஆமான்னு சொல்லிட்டு நகருங்க, எனக்கு நேரமாவுது" என்றான். இன்னொருத்தி, "மாமா ராத்திரி விடலையா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அங்கேயே நின்றேன்.

அதற்கு என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. மேலே போன் செய்தார். கடைசியில் என் வண்டியை வேறொருத்தரிடம் கொடுத்துவிட்டு, பயணிகள் மறந்துவிட்டுப் போன சாமான்களை அடுக்கும் அறையில் என்னை உட்கார வைத்தார்கள். குடை, குடை, குடை. ஒற்றைச் செருப்பு. ஒரு பல் செட். அதை உன் அண்ணனிடம் சொன்னபோது, "மேல் வரிசையா, கீழ் வரிசையா?" என்றார். பொண்டாட்டியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பது அப்புறம்தான் அவர் காதில் விழுந்தது.

உனக்குப் புத்தி சொல்ல நான் அதைச் செய்யவில்லை. நல்லாத் தூங்கினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், உன் "இல்ல" நினைவுக்கு வந்தது, அந்தச் சொல் வரவில்லை. அவ்வளவுதான். பெரிய வெற்றியும் இல்லை. இப்போது பணிமனையில் எனக்குப் பெயர் 'கொட்டாவி'. மறுநாள் நேரம் குறிக்கிறவர் என்னிடம் மட்டும் அந்தக் கேள்வியைப் பயந்து பயந்து கேட்டார்.

கூச்சமாகத்தான் இருந்தது. அந்தக் குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபோது காது சுட்டது. ஆனால் மத்தியானம் வந்ததும் தலையை மேசையில் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

பதினாறாம் தேதி நீ என்ன வேண்டுமானாலும் சொல். உன் வாய்தான். ஆனால் பொய் சொன்னால் அதை நம்பி அந்த அம்மாள் உன் மருந்தைக் குறைப்பார். அதை மட்டும் யோசி.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதினாறாம் தேதி போனேன். வெளியே காத்திருக்கும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அழகான வாக்கியங்களாக இருந்தன. உள்ளே போனதும் ஒன்றுகூட இல்லை.

சான்றிதழ் படிவத்தை டாக்டர் எடுத்து முன்னால் வைத்துவிட்டார். பேனாவைத் திறந்துவிட்டார். "அப்ப தொந்தரவு எதுவும் இல்ல, தூக்கத்துல எந்திரிக்கறது இல்ல, அப்படித்தானே?" என்றார்.

"எந்திரிக்கறேன்" என்றேன்.

"எப்பவாவதா?"

"தினமும். ரத்தமும் போகுது. முன்னாடி சொன்னது எதுவும் உண்மையில்ல."

பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படிவத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, "எப்பலேருந்து?" என்றார். இந்த ஊருக்கு வந்த மூன்றாவது வாரத்திலிருந்து என்றேன். "அதுக்கு முன்னாடி?" என்றார். முன்னாடியும் என்றேன். நம் வீட்டுக் கதையைச் சொன்னேன். குறட்டையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருமே தூங்கலையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "இன்னிக்கு மருந்தைக் குறைச்சு எழுதலாம்னு இருந்தேன்" என்றார். நீங்கள் எழுதியிருந்த அதே விஷயம்.

கையெழுத்துப் போடவில்லை.

உள்ளே கருவி விட்டுப் பார்த்தார்கள். முன்பு இடப்பக்கம் மட்டும் இருந்த புண் இப்போது மேலேயும் ஏறியிருக்கிறது. மாத்திரை மட்டும் போதாதாம். நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை தொடர வேண்டும். அதோடு ராத்திரி தூக்கம், தினமும் ஒரே நேரத்தில், விளக்கணைத்து. "மருந்து பாதி வேலைதான் பார்க்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா அது வேலை பார்க்கறதுக்கு நீங்க இடம் குடுக்கணும்" என்றார்.

மேசைத் தலைவரிடம் இரவுப் பணி முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். குடலில் நோய் என்றேன், அதைச் சொன்ன அதே குரலில், கடலைத் தோல்களுக்கு நடுவில். உலகம் நிற்கவில்லை. "எங்க அக்காவுக்கும் ஏதோ குடல்ல" என்றார், எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நிரந்தர இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. பகல் மேசையில் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறாராம். உறுதியில்லை. இருந்தால் அங்கே கழிப்பறை எங்கள் மேசைக்கு எதிரிலேயே இருக்கிறது. எழுந்து போவதை எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் எனக்குச் சொல்ல வரவில்லை. பழகலாம் என்று மட்டும் நினைக்கிறேன்.

அண்ணி, அந்த ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்ன விதத்தை இன்னும் என்னால் முழுதாக மன்னிக்க முடியவில்லை. அதையும் ஒளிக்கக் கூடாதென்று எழுதுகிறேன். ஆனால் அன்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. முதல் தடவை மருந்து ஏற்றும்போது கூட ஒருவர் இருந்தால் நல்லது என்கிறார்கள். ஜூலை முப்பது, வியாழக்கிழமை. அறைத்தோழி வருவாள், கேட்டால் மறுக்க மாட்டாள். எனக்கு நீங்கள் வந்தால் தேவலை. உங்களிடம் நான் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை, அதனால் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. வர முடியுமா? முடியாவிட்டால் முடியாது என்றே எழுதுங்கள். முடிந்தாலும், "எனக்கென்ன சிரமம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஆந்தை


ஜூலை 25

அன்புள்ள ஆந்தைக்கு,

சிரமம்தான். அந்த வாரம் முழுக்க எனக்கு முதல் பஸ். இரண்டு பேரிடம் கெஞ்சி மாற்ற வேண்டியிருந்தது, அதில் ஒருத்தி இன்னும் முணுமுணுக்கிறாள். உங்கள் ஊர் ரயிலில் படுக்கை கிடைக்கவில்லை, உட்கார்ந்தே வந்தால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். உன் அண்ணன் நான்கு நாள் தனியாகச் சமைத்தால் எந்தப் பாத்திரம் மிஞ்சும் என்று தெரியவில்லை. நீ மன்னிக்கவில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வேளை சாப்பாடும் இறங்கவில்லை.

புதன்கிழமை காலை வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு வராதே, தூங்கு.

அண்ணி